இரண்டு ஓரம் பல், இரண்டு ஓரம் வெட்டு

அமெரிக்காவின் பழைய சுருள் தபால்தலை ஒன்றைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது அதன் ஓரம்தான். எதிரெதிராக இரண்டு பக்கம் பல் இருக்கும். மற்ற இரண்டு பக்கமும் கத்தி இறங்கிய மாதிரி நேராக இருக்கும். இவ்வளவை மட்டும் பார்த்துவிட்டு ‘சுருள்’ என்று பென்சிலால் எழுதி ஆல்பத்தில் வைத்தவர்கள் இந்த நாட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு எங்களைப் போன்றவர்களிடம் வருகிறார்கள். திறந்து பார்த்தால் 1908-லிருந்து 1911 வரைக்கும் வந்த விலை உயர்ந்த சுருள்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அவற்றில் பல சுருளே அல்ல. சாதாரண ஷீட்டிலிருந்து வந்த தபால்தலையின் பல்லை யாரோ நறுக்கிச் செய்தவை. இந்த வேலையில் ஓரத்தைக் கடைசியாகத்தான் நம்ப வேண்டும்.

நான் டெட்ராய்ட்டுக்கு வந்தது கார் தொழிற்சாலைகளுக்கு டை செய்யும் பட்டறையில் வேலை பார்க்க. தகட்டைத் துளைக்கும் பஞ்சும் அது போய் இறங்கும் டையும்தான் பகல் முழுக்க. தபால்தலை சேர்ப்பது சிறு வயதுப் பழக்கம். இங்கே வந்த பிறகு அமெரிக்கச் சுருள்களின் பக்கம் முழுசாகத் திரும்பிவிட்டேன். நாளடைவில் வியாபாரிகளும் ஏலத்துக்குப் பட்டியல் தயாரிப்பவர்களும் “இது என்ன, பார்த்துச் சொல்லுங்கள்” என்று கவர்களை அனுப்ப ஆரம்பித்தார்கள். மாலை நேரங்களில் அது இன்னொரு தொழிலாகவே ஆகிவிட்டது. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் அச்சுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். கேட்டலாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு நான் எண்களைத் தேடும்போதெல்லாம் அதை மூடிவிடுவார். “முதலில் இந்தக் காகிதம் எந்த மெஷினுக்குள்ளே போய் வந்தது என்று சொல். நம்பர் அப்புறம் தானாக வரும்” என்பார். இன்றுவரை அந்த வரிசையில்தான் வேலை செய்கிறேன். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க அலுவலகங்களிலிருந்து கிளம்பிய கடிதங்களுக்குக் கணக்கில்லை. ஷீட்டைக் கிழித்து, நக்கி, ஒட்டுவதற்கென்றே பையன்களை வைத்திருந்தார்கள். வேலை மெதுவாக நடந்தது, தபால்தலையும் திருட்டுப் போனது. தபால்தலை என்பது கையில் இருக்கும் காசு மாதிரிதான். பெட்டிக்குள்ளே பூட்டி வைத்து, கைப்பிடியை அழுத்தினால் ஒன்று மட்டும் வந்து கவரில் ஒட்டிக்கொள்ளும் இயந்திரம் இருந்தால் திருட்டும் நிற்கும், எண்ணிக்கையும் தெரியும். இன்னொரு பக்கம், காசு போட்டால் தபால்தலை தரும் இயந்திரத்தை மருந்துக்கடையிலும் ஓட்டல் முகப்பிலும் வைக்கலாம் என்ற யோசனை. அப்போதைய தபால்துறைத் தலைவர் ஜார்ஜ் வான் லெங்கர்கே மேயர் இதில் ஆர்வம் காட்டினார். இரண்டு வகை இயந்திரத்துக்கும் வேண்டியது ஒன்றே: தபால்தலை நீளமான நாடாவாக, சுருளாக வர வேண்டும்.

அரசாங்கச் சுருள் முழுசாக வருவதற்கு முன்பே இயந்திரக் கம்பெனிகள் களத்தில் இறங்கிவிட்டன. பல்லே இல்லாத, 400 தபால்தலை கொண்ட முழு ஷீட்டுகளைத் தபால்துறை அவர்களுக்கு விற்றது. அதைப் பட்டையாக வெட்டி, ஒட்டி, தங்கள் இயந்திரத்துக்கு ஏற்ற துளைகளை அவர்களே போட்டுக்கொண்டார்கள். டெட்ராய்ட்டின் ஷெர்மாக் கம்பெனி, பிறகு அதுவே மெயிலோமீட்டர் என்று ஆனது. நியூயார்க்கில் யு.எஸ். ஆட்டோமேட்டிக் வெண்டிங் கம்பெனி, மிசௌரியில் பிரிங்கர்ஹாஃப், மாசசூசெட்ஸில் ஆட்டில்பரோ, பால்டிமோரில் இன்டர்நேஷனல் வெண்டிங் மெஷின் கம்பெனி. ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை வடிவம். ஷெர்மாக்கின் மூன்றாம் வகைத் துளையை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஒரு ஓரத்துக்கு இரண்டே இரண்டு பெரிய நீள்சதுர வெட்டு, அவ்வளவுதான். இயந்திரத்தின் விரல்கள் அந்த ஓட்டைகளில் மாட்டி நாடாவை இழுக்கும். பஞ்சும் டையும் செய்து சாப்பிடுகிறவன் என்பதால் இந்தத் தனியார் துளைகள்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. தபால்தலையின் அழகைப் பற்றி ஒரு கவலையும் இல்லாமல், இழுப்பதற்கென்றே போட்ட துளைகள் அவை. அதிலும் ஷெர்மாக்கின் துளைகள் நான் தினம் வேலைக்குப் போகும் ஊரிலேயே செய்யப்பட்டவை.

இந்தத் தனியார் கதையில் வந்ததுதான், தபால்தலைகளுக்கு எண் கொடுக்கும் ஸ்காட் கேட்டலாக்கின் 314ஏ. 1902 வரிசையைச் சேர்ந்த, ஜெனரல் கிராண்டின் முகம் உள்ள 4 சென்ட் பழுப்புத் தபால்தலை. 1908-ல் பல் போடாத 25 ஷீட்டுகள், அதாவது 10,000 தபால்தலைகள், டெட்ராய்ட்டுக்கு வந்தன. எல்லாவற்றிலும் ஷெர்மாக் மூன்றாம் வகைத் துளை விழுந்தது. பெரும்பகுதி கவர்களில் ஒட்டப்பட்டுத் தபாலில் போய்க் குப்பையில் முடிந்தது. சேகரிப்பாளர்கள் விழித்துக்கொள்வதற்குள் மிஞ்சியது மிகக் கொஞ்சம். பல் போடாத 4 சென்ட் கிராண்ட் வேறு எந்த உருவத்திலும் வெளியே வரவில்லை. ஆகவே ஷெர்மாக் துளை இல்லாத ‘பல்லில்லாத கிராண்ட்’ என்று யாராவது நீட்டினால் அது பல் நறுக்கப்பட்ட சாதாரண 4 சென்ட். இதைச் சொல்ல லென்ஸ்கூடத் தேவையில்லை.

அரசாங்கம் தன் சுருள்களை 1908 பிப்ரவரியில் வெளியிட ஆரம்பித்தது. முதலில் 1902 வரிசையின் 1, 2, 5 சென்ட்டுகள். அவை மிக அரிது, பெரிய ஏலங்களில் மட்டும் கண்ணில் படும். அந்த ஆண்டுக் கடைசியில் வாஷிங்டன்-ஃபிராங்க்ளின் வரிசை வந்தது. 1922 வரை அதே இரண்டு முகங்கள்தான். காகிதம், பல், அச்சு முறை மட்டும் மாறிக்கொண்டே இருந்தன. வெளியாள் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். எங்களுக்கு வேலை கொடுப்பதே அந்த ஒற்றுமைதான்.

அந்த முதல் சுருள்கள் கையால் செய்யப்பட்டவை என்றே சொல்லலாம். வாஷிங்டனில் உள்ள அரசு அச்சகத்தில் தட்டையான பிளேட்டில் 400 தபால்தலைகளை ஒரே ஷீட்டாக அச்சடிப்பார்கள். ஒரு திசையில் மட்டும் பல் போடுவார்கள். பிறகு ஷீட்டின் முனையை அடுத்த ஷீட்டின் முனையோடு கோந்து வைத்து ஒட்டி, நாடாவாக நறுக்கி, 500 அல்லது 1,000 கொண்ட சுருளாகச் சுற்றுவார்கள். ஷீட்டின் ஒரு வரிசையில் இருப்பது 20 தபால்தலை. அதனால் 20-க்கு ஒருமுறை ஒட்டு வரும். அந்த இடத்தில் இரண்டு காகிதமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். இதை ஒட்டு ஜோடி என்கிறோம். ஷீட்டின் நடுவில் பிளேட்டிலேயே ஒரு வழிகாட்டிக் கோடு உண்டு. அந்தக் கோடு இடையில் ஓடும் இரண்டு தபால்தலைதான் கோட்டு ஜோடி. தபால்தலைகள் தலைக்குமேல் தலையாக வந்தால் நெட்டுச் சுருள், பக்கத்தில் பக்கமாக வந்தால் பக்கவாட்டுச் சுருள். நெட்டுச் சுருளுக்கு மேலும் கீழும் பல், பக்கவாட்டுச் சுருளுக்கு இடமும் வலமும் பல்.

இனி பல். அளவுகோல் உலகம் முழுக்க ஒன்றுதான்: 2 சென்டிமீட்டரில் எத்தனை துளை. ஆரம்பத்தில் ஷீட்டுக்குப் போட்ட அதே 12-ஐச் சுருளுக்கும் போட்டார்கள். துளைக்கும் துளைக்கும் நடுவில் காகிதம் கொஞ்சம்தான், நாடா இயந்திரத்துக்குள்ளேயே அறுந்து விழுந்தது. 1910 கடைசியில் 8½-க்கு இறங்கினார்கள். நாடா உறுதியானது, ஆனால் கிழிக்க முரண்டு பிடித்தது. 1914-ல் இரண்டுக்கும் நடுவே 10 என்று நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு பல வருஷங்களுக்குச் சுருளின் பல் 10-தான்.

போலிகளைப் பிடிக்க இந்தச் சின்ன வரலாறு ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும். அந்தக் காலத்து ஷீட்டுகளுக்கு 8½ பல் போட்டதே இல்லை. அதனால் ஷீட்டுத் தபால்தலையை நறுக்கி 8½ சுருள் செய்யவே முடியாது. செய்ய வேண்டுமானால் பல் போடாத தபால்தலையை எடுத்துப் புதிதாகத் துளைதான் போட வேண்டும். 12-க்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதே படம், அதே காகிதம், அதே வாட்டர்மார்க்கோடு 12 பல் ஷீட்டுத் தபால்தலைகள் கோடிக்கணக்கில் உண்டு. ஒரு கத்தரிக்கோல் போதும். ஆகவே என் மேஜைக்கு 8½ வந்தால் துளையைப் பார்ப்பேன், 12 வந்தால் நேர் ஓரத்தைப் பார்ப்பேன். தட்டை அச்சின் 10 பல் சுருளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 1914-லிருந்து ஷீட்டுக்கும் 10 பல்தான் போட்டார்கள்.

வாட்டர்மார்க், அதாவது காகிதத்திலேயே பதிந்திருக்கும் நீர்க்குறி, பார்ப்பது பொறுமை கேட்கும் வேலை. 1895-லிருந்து 1910 வரை இரட்டைக் கோட்டு எழுத்து, 1910-லிருந்து 1916 வரை ஒற்றைக் கோட்டு எழுத்து, அதற்குப் பிறகு வாட்டர்மார்க் இல்லாத காகிதம். யு, எஸ், பி, எஸ் என்ற நான்கு எழுத்துகள் ஷீட் முழுக்கத் திரும்பத் திரும்ப ஓடும். ஒரு தபால்தலையில் ஒரு எழுத்தின் கால்வாசி விழலாம், வெறும் ஒரு வளைவு மட்டும் விழலாம். கறுப்புத் தட்டில் முகம் கீழாகப் போட்டு, திரவத்தை ஊற்றி, அது ஆவியாகும் அந்த நொடிகளில் பார்க்க வேண்டும். ஒற்றைக் கோட்டு எழுத்து சில சமயம் காய்ந்துபோகும் கடைசி நொடியில்தான் தலை காட்டும். மஞ்சள், ஆரஞ்சு நிறத் தபால்தலைகளில் இன்னும் சிரமம். 1909-ன் 10 சென்ட் மஞ்சள் வாஷிங்டனைப் பார்க்கும்போது நிற வடிகட்டிக் கண்ணாடி வைத்துக்கொள்வேன். தெரியவில்லை என்பதற்காக ‘வாட்டர்மார்க் இல்லை’ என்று ஒருபோதும் எழுதுவதில்லை. விளக்கின் கோணத்தை மாற்றுவேன், மறுநாள் காலையில் திரும்பப் பார்ப்பேன். எடுத்தவுடன் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரத்தை இந்தக் காகிதம் பொறுக்காது.

எனக்கு மிகப் பிடித்த பகுதி பெஞ்சமின் ஸ்டிக்னியின் இயந்திரம். அரசு அச்சகத்தின் இயந்திர நிபுணர் அவர். கையால் ஒட்டிச் சுருட்டும் வேலைக்கு முடிவு கட்ட வேண்டும் என்று, சுருள் காகிதத்தில் நிற்காமல் அச்சடிக்கும் சுழல் அச்சை உருவாக்கினார். அதில் வந்த முதல் தபால்தலை 1914 ஜூன் 30 தேதியிட்டது. பல் இல்லாத 2 சென்ட் வாஷிங்டன் சுருள், ஸ்காட் எண் 459. அதே ஆண்டிலேயே 10 பல் உள்ள சுழல் அச்சுச் சுருள்கள் வரத் தொடங்கின. தட்டையாகச் செதுக்கிய பிளேட்டை உருளையில் மாட்டுவதற்காக வளைத்தார்கள். விரலை மடக்கினால் முட்டியின் மேல்தோல் இழுபடுவது போல, வளைத்த திசையில் பிளேட்டின் மேற்பரப்பும் அதிலுள்ள படமும் இழுபட்டன. பக்கவாட்டுச் சுருளுக்கு அகலவாக்கில் வளைத்தார்கள், அகலம் கூடியது. நெட்டுச் சுருளுக்கு உயரவாக்கில் வளைத்தார்கள், உயரம் கூடியது.

எவ்வளவு கூடியது? தட்டை அச்சில் படத்தின் அகலம் 18½ முதல் 19 மி.மீ., உயரம் 22 மி.மீ. சுழல் அச்சின் பக்கவாட்டுச் சுருளில் அகலம் 19½ முதல் 20 மி.மீ. நெட்டுச் சுருளில் உயரம் 22½ மி.மீ. வெறும் கண்ணுக்கு இது ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ஸ்கேல் வைத்து அளந்தாலும் கை நடுங்கினால் தவறிவிடும். அதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. பத்து காசு பெறாத, கசங்கிய 1 சென்ட் தட்டை அச்சுத் தபால்தலை ஒன்றை எடுத்து, படத்தின் சட்டக் கோட்டை ஒட்டி நாலு பக்கமும் ஒழுங்காக வெட்டிக்கொள்ள வேண்டும். சந்தேகமான தபால்தலையின் மேல் அதை வைத்து இடது சட்டத்தைச் சேர்த்துப் பிடித்தால், வலது பக்கத்தில் ஒரு கோடு எட்டிப் பார்க்கிறதா இல்லையா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். எட்டிப் பார்த்தால் சுழல் அச்சு. என் டாங்ஸ் பெட்டியில் இப்படி வெட்டிய ஒரு துண்டு எப்போதும் இருக்கும். விலை உயர்ந்த கருவிகள் எல்லாவற்றையும்விட அதை அதிகம் எடுத்திருக்கிறேன்.

சுழல் அச்சுக்கும் ஒரு கோடு உண்டு, ஆனால் பிறப்பு வேறு. உருளையைச் சுற்றி இரண்டு வளைந்த பிளேட்டுகள் பொருந்தும். அவை சந்திக்கும் இடுக்கில் மை தங்கி, காகிதத்தில் கோடாக விழும். பக்கவாட்டுச் சுருளில் ஒரு பிளேட்டின் நீளம் 17 தபால்தலை, அதனால் 17-க்கு ஒருமுறை இந்தக் கோடு வரும். சில சமயம் மெல்லிசாக, சில சமயம் தடித்து, சில சமயம் பாதியில் அறுந்து வரும். தட்டை அச்சின் வழிகாட்டிக் கோடு அப்படியல்ல, செதுக்கிய கோடாதலால் ஒரே சீராக இருக்கும். கோட்டு ஜோடிக்குச் சாதாரண ஜோடியைவிட நல்ல விலை. பேனாவால் கோடு இழுத்து விற்பவர்களும் இருக்கிறார்கள். செதுக்கு அச்சில் மை காகிதத்தின்மேல் மேடாக நிற்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்த்தால் பேனா மை தட்டையாகக் கிடப்பது தெரியும்.

2 சென்ட் வாஷிங்டனுக்கு இவ்வளவும் போதாது. பிளேட்டைத் திருத்தித் திருத்திப் பல வகைகள் வந்தன. சுழல் அச்சுச் சுருள்களில் மூன்றைப் பிரிக்கத் தெரிந்திருக்க வேண்டும். முதல் வகையில், இடதுபுற ‘2’ எண்ணுக்கு மேலே உள்ள ரிப்பனின் முதல் வளைவில் ஒரே ஒரு நிழல் கோடு இருக்கும். அங்கியின் பொத்தான் மங்கலாக, கயிற்றின் மேல்கோடு தேய்ந்த மாதிரி இருக்கும். இரண்டாம் வகையிலும் ரிப்பனில் ஒரே கோடுதான். ஆனால் பொத்தானும் கயிறும் கனத்து நிற்கும். காதுக்கு முன்னால் முடிச்சுருளை ஒட்டிய முகக் கோடுகள் அழுத்தமான ஒரு செங்குத்து வளைவில் போய் முடியும். மூன்றாம் வகையில் ரிப்பன் வளைவில் இரண்டு கோடு. நான் எப்போதும் ரிப்பனில் ஆரம்பிப்பேன். இரண்டு கோடு இருந்தால் மூன்றாம் வகை, வேலை முடிந்தது. ஒன்றுதான் என்றால் பொத்தானுக்கு இறங்குவேன். முத்திரை மை சரியாக முகத்தின்மேல் விழுந்திருந்தால் அரை மணி நேரம் போவதும் உண்டு. இந்த உழைப்புக்குக் காரணம் 449. ஒற்றைக் கோட்டு வாட்டர்மார்க், 10 பல், நெட்டுச் சுருள், முதல் வகை. மூன்றாம் வகைக்கு 450 என்ற எண். அது எளிதில் கிடைக்கும். 449-ஐ அரிய பொருள் என்றே சொல்ல வேண்டும். இரண்டையும் பிரிப்பது ஒரு நிழல் கோடு.

நிறத்தை நம்பி வகை பிரிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். நூறு வருஷத்துக்கு மேல் ஈரத்தையும் வெயிலையும் சமையலறைப் புகையையும் பார்த்த காகிதம் அது. கார்மைன் சிவப்பாகும், சிவப்பு பழுப்பாகும், ஆரஞ்சு கறுக்கும். கேட்டலாக்கில் நிறத்தின் பெயர் இருக்கிறது என்பது உண்மைதான். அளவும் பல்லும் வாட்டர்மார்க்கும் முடிவு சொன்ன பிறகு, கடைசியில் சரிபார்க்க மட்டும் அதை எடுத்துக்கொள்ளலாம்.

இனி போலிக்கு வருகிறேன். 400 கொண்ட ஷீட்டை, தபால் நிலையத்துக்கு அனுப்பும் முன் வழிகாட்டிக் கோட்டில் நான்காக வெட்டுவார்கள். அப்படி வெட்டிய 100 கொண்ட ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பக்கம் பல் இல்லாமல் நேராக இருக்கும். அதாவது 100-க்கு 19 தபால்தலையில் ஒரு ஓரமாவது நேர் ஓரம். அந்தக் காலச் சேகரிப்பாளர்கள் இவற்றை மதிக்கவில்லை, ஆல்பத்தில் சேர்க்க மாட்டார்கள். ஏமாற்றுக்காரருக்கு இதைவிட நல்ல மூலப்பொருள் கிடைக்காது. ஒரு பக்கத்தை அச்சகமே நேராக வெட்டிக் கொடுத்துவிட்டது. எதிர்ப்பக்கப் பல்லை நறுக்கினால் சுருள்.

பல்லை நறுக்கினால் தபால்தலை குறுகிவிடுமே, அப்போது தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். இதற்கும் அச்சகமே வழி வைத்திருக்கிறது. செதுக்கு அச்சுக்குக் காகிதத்தை நனைக்க வேண்டும். காய்ந்த பிறகு அது ஒரே சீராகச் சுருங்காது. ஷீட்டின் வெளிப்புறத்தில் பல் படத்தின்மேல் ஏறிவிடும். இதைச் சமாளிக்க 1909-ல் சில பிளேட்டுகளில் வெளிப்புற வரிசைகளின் இடைவெளியை 2 மி.மீ.-லிருந்து 3 மி.மீ. ஆக்கினார்கள். அந்தப் பிளேட்டுகளின் ஓரத்தில் நட்சத்திரக் குறி இருக்கும். அதன் பயனாகச் சில ஷீட்டுத் தபால்தலைகள் வழக்கத்தைவிட அகலமாகப் பிறந்தன. அவற்றின் பல்லை நறுக்கினாலும் சுருளுக்கு வேண்டிய அகலம் மிஞ்சும். ஆகவே ‘அகலம் சரியாக இருக்கிறது, அதனால் அசல்’ என்ற வாதம் நிற்காது. அகலம் குறைந்தால் போலி என்று சொல்லலாம். அகலம் இருந்தால் அசல் என்று சொல்ல முடியாது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புதிதாக வருபவர்களுக்கு நான் விடாமல் சொல்கிறேன்.

பார்க்கும் முறை இது. இரண்டு நேர் ஓரமும் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகிறதா என்று பார்ப்பேன். கத்தரியில் நறுக்கியது பெரும்பாலும் ஒரு முனையில் கொஞ்சம் சாயும். பிறகு லென்ஸ் வைத்து இரண்டு ஓரத்தின் நிறத்தையும் ஒப்பிடுவேன். ஒன்று பழுத்து மங்கியிருக்க, மற்றது நேற்று வெட்டியது போல வெளுப்பாக இருந்தால் அங்கேயே கேள்வி எழுந்துவிடும். ஓரத்தில் அரைவட்டமாக மெல்லிய பள்ளங்கள் தெரிகின்றனவா என்று தேடுவேன். நறுக்கியவர் துளையின் அடியை முழுசாகத் தாண்டாமல் விட்ட தடயம் அது. சந்தேகமானதை இரண்டு உறுதியான, விலை குறைந்த சுருள்களுக்கு நடுவில் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். தனியாக இருக்கும்போது யோக்கியமாகத் தெரிவது, அசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் நெளிய ஆரம்பிக்கும்.

துளை போட்டுச் செய்த போலியில் என் பகல் தொழில் கைகொடுக்கிறது. துளைச் சக்கரத்தில் ஊசிகள் ஒரே இடைவெளியில் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். துளைகளும் அதே இடைவெளியில்தான் விழும். கையால் போட்டவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் ஒரு இடத்தில் நகர்ந்துவிடுவான். 2 சென்டிமீட்டரில் எத்தனை என்று எண்ணும் சாதாரண அளவுகோல் இதைச் சராசரியில் மறைத்துவிடும். துளைக்குத் துளை உள்ள தூரத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகக் காட்டும் கியுசாலஸ் அளவுகோல் மறைக்க விடாது. முனை மழுங்கிய ஊசி காகிதத்தை முழுசாக வெட்டாது, துளைக்குள் வட்டத் துணுக்கு தொங்கிக்கொண்டிருக்கும். அழகுக்காகப் போலி செய்பவர் அந்தத் துணுக்கைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருப்பார். நூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு தொழிற்சாலைச் சுருளில் அத்தனை துளையும் கண்ணாடிபோலச் சுத்தமாக இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

இந்தத் துறையில் ஆரஞ்ச்பர்க் சுருளைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஸ்காட் எண் 389. 3 சென்ட் ஊதா வாஷிங்டன், ஒற்றைக் கோட்டு வாட்டர்மார்க், இடமும் வலமும் 12 பல். நியூயார்க் மாநிலத்தின் ஆரஞ்ச்பர்க் ஊரில் இருந்த பெல் என்ற மருந்துக் கம்பெனி, டாக்டர்களுக்கு மாதிரி மருந்து அனுப்ப 1911-ல் இதைப் பயன்படுத்தியது. கவரைப் பிரித்து மருந்தை எடுத்துக்கொண்ட டாக்டர்கள் கவரைக் குப்பையில் போட்டார்கள். சேகரிப்பாளர்களுக்கு விஷயம் தெரிவதற்குள் எல்லாம் போய்விட்டது. இன்று அமெரிக்கச் சுருள்களில் மிகவும் தேடப்படுவது இதுதான், போலியும் அதற்கேற்ப. 12 பல் உள்ள 3 சென்ட் ஷீட்டுத் தபால்தலை தாராளமாகக் கிடைக்கும், மேலும் கீழும் நறுக்கினால் ஆரஞ்ச்பர்க். என்னிடம் வந்த ‘ஆரஞ்ச்பர்க்’ ஒவ்வொன்றுக்கும் ‘நறுக்கியது’ என்ற பதிலையே சொல்லி அனுப்பியிருக்கிறேன். கொண்டுவருகிறவர் முகத்தைப் பார்த்துச் சொல்வது சுலபமாக இருக்காது. ஆனாலும் அங்கேயே தெளிவாகச் சொல்லிவிடுவதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை. நம்பிக்கையோடு வீட்டுக்குப் போய், ஏலத்தில் அவமானப்படுவதைவிட அது நல்லது.

இணையத்தில் விற்கும் ஒரு கடைக்காரர் தொடர்ந்து ஒற்றை 12 பல் சுருள்களைப் போட்டு, விவரத்தில் ‘பழைய சேகரிப்பிலிருந்து வந்தபடியே’ என்று மட்டும் எழுதுவார். எண் போடுவார், உத்தரவாதம் போட மாட்டார். நான் வாங்கிப் பார்த்த ஒன்று நறுக்கியது. எழுதிக் கேட்டதற்கு, வந்தபடியே என்றுதானே சொன்னேன் என்று பதில். பணம் திரும்பி வந்தது. அந்தத் தபால்தலையும் அடுத்த வாரமே அதே எண்ணோடு அதே இடத்தில் திரும்ப ஏறியது. இது எனக்கு இன்றும் ஆத்திரமூட்டுகிறது. ஒரு தபால்தலை போலி என்று தெரிந்த பிறகு அதன் பின்புறத்தில் பென்சிலாலாவது எழுதிவிட வேண்டும். எழுதாமல் திரும்பச் சந்தையில் விடுகிறவர் அடுத்தவர் கையில் அதைத் தெரிந்தே திணிக்கிறார்.

இதற்கு எதிராகச் சேகரிப்பாளர் கையில் இருப்பவை இரண்டுதான். ஒன்று சான்றிதழ். நியூயார்க்கின் ஃபிலாடெலிக் ஃபவுண்டேஷனும் பென்சில்வேனியாவில் பெல்ஃபான்ட்டைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கன் ஃபிலாடெலிக் சொசைட்டியும் தபால்தலையைச் சோதித்துப் படத்தோடு சான்றிதழ் தருகின்றன. 12 பல் சுருள், ஆரஞ்ச்பர்க், 314ஏ, 449 போன்றவற்றைச் சான்றிதழ் இல்லாமல் வாங்குவது என் கருத்தில் பணத்தைத் தெருவில் போடுவதுதான். இரண்டாவது ஜோடி. தனித் தபால்தலையில் இரண்டு நேர் ஓரத்தை நறுக்கிச் செய்வது எளிது. ஜோடியில் ஓரம் இரண்டு மடங்கு நீளத்துக்கு இணையாக ஓட வேண்டும், நடுவில் ஒரு முழு வரிசைத் துளை கண்முன் நிற்கும், இரண்டு படத்துக்கும் உள்ள இடைவெளியை அளக்கலாம். ஒட்டு ஜோடியாக இருந்தால் அச்சகத்தின் கோந்து வேலையே சாட்சி. பல் இல்லாத 459-ஐ ஜோடியாக மட்டும்தான் வாங்க வேண்டும். ஒற்றையாக வருகிற 459-ஐ நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

சுழல் அச்சைப் பற்றிச் சொன்னதால் அதன் மிச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுருளுக்கு அச்சடித்த காகிதத்தின் கடைசிப் பகுதிகள் சுருளாகச் சுற்றப் போதாது. வீணாக்க வேண்டாம் என்று அவற்றுக்கு நாலு பக்கமும் பல் போட்டு ஷீட்டாகவே விற்றார்கள். 1920-களின் 1 சென்ட் பச்சை ஃபிராங்க்ளினில் இப்படி வந்தது 594. சுழல் அச்சின் ஷீட்டு மிச்சத்திலிருந்து வந்தது 596. முன்னதன் படம் 19¾-க்கு 22¼ மி.மீ., பின்னது 19¼-க்கு 22¾ மி.மீ. இரண்டிலும் பல் 11. நாலு பக்கமும் பல் இருப்பதால் யாரும் சுழல் அச்சின் நினைவோடு பார்ப்பதில்லை. 596 மிக மிக அரிது, தெரிந்தவற்றில் பெரும்பாலானவை கேன்சஸ் சிட்டியின் முன்முத்திரை பெற்றவை. பச்சை ஃபிராங்க்ளின் ஒரு பெட்டி நிறையக் கிடைத்தால் நான் ஒவ்வொன்றையும் என் வெட்டுத் துண்டை வைத்து அளப்பேன். இன்னும் 596 அகப்படவில்லை. அளப்பதை நிறுத்தவும் இல்லை.

புதிதாக இதில் இறங்குகிறவர்களிடம் அரிய எண்களுக்குப் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். 1910-க்கும் 1922-க்கும் இடைப்பட்ட மலிவான சுருள்களை, 8½ பல்லில் ஒன்று, 10 பல் தட்டை அச்சில் ஒன்று, சுழல் அச்சில் நெட்டும் பக்கவாட்டும் ஒவ்வொன்று, வாட்டர்மார்க் உள்ளது, இல்லாதது என்று ஜோடிகளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவை ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுக்குள் வரும். விலை உயர்ந்த ஒன்றைச் சந்தேகிக்கும் நாளில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவை வேண்டும். புத்தகம் என்றால் மேக்ஸ் ஜோல் இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கத் தபால்தலைகளைப் பற்றி எழுதிய தொகுதிகளை இன்றும் எடுத்துப் படிக்கிறேன். வாஷிங்டன் நகரத்துக்குப் போனால் ஸ்மித்சோனியனின் தேசியத் தபால் அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். அரசு அச்சகத்தின் பிளேட் மாதிரி அச்சுகள் அங்கேதான் பாதுகாக்கப்படுகின்றன.

உங்கள் வீட்டில், அமெரிக்காவில் இருந்த சித்தப்பாவோ பெரியப்பாவோ அனுப்பிய பழைய கடிதங்களோ, யாரோ விட்டுச் சென்ற ஆல்பமோ இருக்கலாம். அதில் இரண்டு தபால்தலை சேர்ந்தாற்போல் ஒட்டியிருந்தால் கிழிக்காதீர்கள். கவரிலிருந்து தண்ணீரில் ஊற வைத்துப் பிரிக்காதீர்கள். முத்திரையில் உள்ள ஊரும் தேதியும்தான் அந்தச் சுருளுக்கு உள்ள மிகப் பெரிய சாட்சி. ஈரம் படாத இடத்தில் அப்படியே வைத்துவிட்டு, தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.